விழுந்த விமானமும் ஊர்நினைவும்: இரண்டாம் உலகப்போர்க் காலக் குண்டுவீச்சு விமான வீழ்ச்சிகளை ஆராயும் நெறி

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவிலும் இலங்கையிலும் விழுந்த குண்டுவீச்சு விமானங்களைப் பற்றிய ஆய்வில் சிதைவு, ஆவணம், ஊர்நினைவு ஆகிய மூன்றும் சான்றுகளாகின்றன. இவற்றுள் ஊர்நினைவு எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதை இக்கட்டுரை வரையறுக்க முயல்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் 1944இல் விழுந்து 2006இல் கண்டறியப்பட்ட அமெரிக்க விமானமும், திருகோணமலை சீனன்குடாவில் 1942இல் எண்ணெய்த் தாங்கியின் மீது விழுந்ததாகக் கூறப்படும் ஜப்பானிய விமானமும் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. அவ்வொப்பீட்டில் கிடைத்த நெறி, கயத்தாறு விமானத்தளத்தைச் சூழ்ந்த சங்கரன்கோவில், திருவேங்கடம், கோவில்பட்டிப் பகுதிகளின் கள ஆய்வுக்குப் பொருத்திக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்

குண்டுவீச்சு விமானம், ஊர்நினைவு, வாய்மொழி வரலாறு, கயத்தாறு, திருவேங்கடம், திருகோணமலை, போர்க்கால ஆவணம்.

முன்னுரை

தமிழகத்தின் இரண்டாம் உலகப்போர் வரலாறு பெரும்பாலும் சென்னை நகரை மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. 1942 ஏப்ரலில் நகரை விட்டு மக்கள் வெளியேறியதும், 1943 அக்டோபரில் துறைமுகப் பகுதியில் ஜப்பானிய விமானம் குண்டு வீசியதும் பலரும் அறிந்த செய்திகள். ஆனால் அப்போரின் வான்வழிப் பகுதி சென்னையோடு நின்றுவிடவில்லை. சோழவரம், தாம்பரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை, சூலூர், கயத்தாறு எனப் பல இடங்களில் விமானத்தளங்கள் இயங்கின. 1943இல் பிரித்தானிய வான்படையின் 36ஆம் அணி வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானங்களுடன் தஞ்சாவூரில் இருந்தது. 1944இல் 160ஆம் அணியின் லிபரேட்டர் விமானங்கள் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் தளத்திலிருந்து வங்கக் கடல்மேல் பறந்தன.

தளங்கள் இருந்த இடங்களில் விபத்துகளும் இருந்தன. இயந்திரக் கோளாறு, எரிபொருள் தீர்தல், பருவமழை மேகம், பயிற்சிக் குறைவு ஆகியவற்றால் விழுந்த விமானங்கள் பகைவரின் குண்டுக்கு இரையானவற்றுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. இவ்விபத்துகள் ஊர்களில் ‘பிளேன் விழுந்த காடு’ என்பது போன்ற பேச்சாக எஞ்சக்கூடும். அப்பேச்சை வரலாற்றாசிரியர் எவ்வாறு கையாள வேண்டும் என்பதே இங்கு எழும் வினா. முழுவதும் நம்புவதும் தவறு. ஆவணம் இல்லையெனத் தள்ளுவதும் தவறு. பின்வரும் இரு நிகழ்வுகள் அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியைக் காட்டுகின்றன.

நிகழ்வு 1: தம்ரோ மலையில் கிடைத்த எண்

1942 முதல் 1945 வரை அசாமின் விமானத்தளங்களுக்கும் சீனத்தின் குன்மிங் நகருக்கும் இடையே நேசநாடுகள் நடத்திய வான்வழிப் போக்குவரத்து, விமானிகளின் பேச்சு வழக்கில் ‘ஹம்ப்’, அதாவது திமில், எனப்பட்டது. பர்மா வழித் தரைப்பாதையை ஜப்பான் துண்டித்ததால், சீனத்திற்கான எரிபொருளும் குண்டும் இமயத்தின் கிழக்கு மடிப்புகளைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. இப்பாதையில் ஏறத்தாழ 600 விமானங்கள் இழக்கப்பட்டன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

அமெரிக்கப் பதினான்காம் வான்படையைச் சேர்ந்த 308ஆம் குண்டுவீச்சுக் குழு குன்மிங் பகுதியில் நிலைகொண்டிருந்தது. தான் நடத்தும் தாக்குதல்களுக்கு வேண்டிய எரிபொருளையும் குண்டுகளையும் அக்குழு தன் சொந்த விமானங்களிலேயே இந்தியாவிலிருந்து சுமந்து செல்ல வேண்டியிருந்தது. எனவே குண்டுவீச்சு விமானம் ஒன்று போர்முனையில் அன்றிச் சரக்குப் பயணத்தில் விழுந்தது என்பது முரண் அன்று. அக்குழுவின் அன்றாட வாழ்வே அதுதான். 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து அசாமின் சாபுவா தளத்தை நோக்கி எட்டுப் பேருடன் புறப்பட்ட பி-24 ஜே வகை விமானம் ஒன்று வந்து சேரவில்லை. விமானிகள் அதற்கு ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்று பெயரிட்டிருந்தனர். தேடுதல் பயன் தரவில்லை.

62 ஆண்டுகளுக்குப் பின், 2006இன் இறுதியில், அமெரிக்க மலையேற்றக்காரரான கிளேட்டன் கூல்ஸ் அருணாசலத்தின் மேல் சியாங் மாவட்டத்தில் தம்ரோ ஊரை ஒட்டிய மலைச்சரிவில் அச்சிதைவைக் கண்டறிந்தார். அவரை அவ்விடத்திற்கு இட்டுச் சென்றது வரைபடமோ படை ஆவணமோ அன்று. அம்மலைகளில் வேட்டைக்குச் செல்லும் ஆதி பழங்குடியினர் அச்சிதைவை முன்பே அறிந்திருந்தனர். உலகத்திற்குக் ‘காணாமற்போன’ விமானம் அவ்வூராருக்குக் காணாமற்போகவில்லை.

ஆனால் அது எந்த விமானம் என்பதை ஊர்நினைவு கூறவில்லை, கூறவும் இயலாது. அதைக் கூறியது எண். அமெரிக்க விமானங்களின் தொடரெண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் கொள்முதல் செய்யப்பட்ட நிதியாண்டைக் குறிக்கும். இவ்விமானத்தின் எண் 42-73308. வால்பகுதியில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தையும் இடைக்கோட்டையும் நீக்கி 273308 என எழுதுவது வழக்கம். இம்மரபை அறியாத ஆய்வாளர், சிதைவில் காணும் எண்ணை ஆவணத்தில் தேடித் தோற்றுப்போவார். 1943 முதல் அமெரிக்க வான்படை ஒவ்வோர் இழப்பிற்கும் ‘காணாமற்போன விமானக் குழுவினர் அறிக்கை’ என்னும் படிவத்தை நிரப்பியது. புறப்பட்ட இடம், சேர வேண்டிய இடம், கடைசியாகக் காணப்பட்ட இடம், வானிலை, குழுவினரின் பெயர், நெருங்கிய உறவினரின் முகவரி ஆகியவற்றோடு இயந்திரங்களின் எண்களும் துப்பாக்கிகளின் எண்களும் அதில் இடம்பெற்றன. ஆகவே சேற்றில் புதைந்த ஓர் இயந்திரத் தகடே ஒரு கோப்பைத் திறக்கவும், அக்கோப்பு எட்டுப் பெயர்களைத் தரவும் போதுமானதாகிறது.

பின்வந்த நிகழ்வுகளும் நெறி நோக்கில் கருதத்தக்கவை. 2008இல் அமெரிக்கக் குழு ஒன்று இடத்தைப் பார்வையிட்டது. பணி இடைநின்று, 2015 இலையுதிர் காலத்தில் அகழ்வு நடந்தது. 2016 ஏப்ரலில் எச்சங்கள் புது தில்லியிலிருந்து அனுப்பிவைக்கப்பட்டன. பல், எலும்பு, மரபணுச் சோதனைகளின் வழி ஜார்ஜியா மாநிலத்துக் கன்கார்டைச் சேர்ந்த முதல்நிலை லெப்டினன்ட் இராபர்ட் ஆக்ஸ்போர்டு அடையாளம் காணப்பட்டார். 2017 ஜூனில் தம் சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்நிகழ்வில் சான்றுகள் செயல்பட்ட வரிசை தெளிவானது. ஊர்நினைவு இடத்தைக் காட்டியது. இடம் எண்ணைத் தந்தது. எண் ஆவணத்தைத் திறந்தது. ஆவணம் பெயரைத் தந்தது. இவற்றுள் முதற்கண்ணி அறுந்திருந்தால் எஞ்சியவை எதுவும் நிகழ்ந்திரா.

நிகழ்வு 2: சீனன்குடாத் தாங்கியும் நோக்கம் பற்றிய கதையும்

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் ஏப்ரல் 9 அன்று திருகோணமலையையும் நகுமோ தலைமையிலான ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படை தாக்கியது. இரண்டாம் தாக்குதலின்போது சீனன்குடாவில் இருந்த கடற்படை எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று எரிந்து அழிந்தது. அதன் உருகிய இரும்புச் சுவர் இன்றும் காட்டில் நிற்கிறது. ஜப்பானிய விமானி ஒருவர் வேண்டுமென்றே தம் விமானத்தைத் தாங்கியின் மீது மோதினார் என்றும், விமானத்தில் இருந்த மூவரும் இறந்தனர் என்றும், தீ பல நாள்கள் எரிந்தது என்றும் செய்தி வழங்கி வருகிறது. சுற்றுலா எழுத்துகளில் இது ‘உலகின் முதல் தற்கொலைத் தாக்குதல்’ என்னும் தகுதியையும் பெற்றுவிட்டது.

இச்செய்தியைக் கூறுகளாகப் பிரித்து நோக்க வேண்டும். தாங்கி எரிந்தது என்பதற்குச் சிதைவே சான்று. மூவர் இருந்தனர் என்னும் கூற்று, விமானத்தின் வகையைப் பொறுத்தது. அன்று திருகோணமலையைத் தாக்கியவை இருவகை விமானங்கள்: மூவர் செல்லும் நகாஜிமா குண்டுவீச்சு விமானம், ஒருவர் மட்டுமே செல்லும் சீரோ போர்விமானம். எனவே மூவர் என்று சொல்பவர், அறிந்தோ அறியாமலோ, விழுந்தது குண்டுவீச்சு விமானம் என்றும் சொல்கிறார். இது சிதைவைக் கொண்டு சோதிக்கத்தக்க கூற்று. இயந்திரத்தின் வகையும் இறக்கையின் அளவும் இதற்கு விடை தரும்.

‘வேண்டுமென்றே’ என்பது அத்தகைய கூற்றன்று. விமான எதிர்ப்புத் துப்பாக்கியால் கட்டுப்பாடு இழந்து விழுந்த விமானமும், விமானி விரும்பி மோதிய விமானமும் தரையில் விட்டுச்செல்லும் சிதைவு பெரிதும் ஒன்றே. ஆவணமும் இங்கு முழு விடை தராது. இறந்தவரின் எண்ணத்தை உடன்பறந்தவர் ஊகிக்கலாமே அன்றி அறிய முடியாது. ஊர்நினைவோ பிற்காலத்தால் வண்ணமூட்டப்பட்டது. ஜப்பான் தற்கொலைத் தாக்குதல் அணிகளை முறையாக அமைத்தது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸ் போர்முனையில். அச்செய்தி உலகெங்கும் பரவிய பின், 1942இன் விபத்து அதன் முன்னோட்டமாக வாசிக்கப்படுவது இயல்பு. ‘முதல்’ என்பதும் நிலைக்காது: 1941 டிசம்பர் 7 அன்றே, எரிபொருள் ஒழுகிய நிலையில் லெப்டினன்ட் புசாதா ஈடா ஹவாய்த் தீவுகளின் கனியோகே தளத்தை நோக்கிப் பாய்ந்து விழுந்தார் என்னும் செய்தி உண்டு.

ஆகவே முதல் நிகழ்வில் நம்பத்தக்கதாக நின்ற ஊர்நினைவு இரண்டாம் நிகழ்வில் தடுமாறுகிறது. காரணம் ஊராரின் வேறுபாடு அன்று. கேட்கப்பட்ட வினாவின் வேறுபாடு. எங்கே விழுந்தது என்பது கண்ணால் கண்டு, காலால் சென்று, மீண்டும் மீண்டும் உறுதிசெய்யப்படும் அறிவு. ஏன் விழுந்தது, எவர் விழுந்தார் என்பன கேள்வியால் வரும் அறிவு. செய்தித்தாளும் திரைப்படமும் பிற்காலப் பேச்சும் அதனுள் புகுந்துவிடும். ஊர்நினைவு இடத்திற்குச் சான்று, நோக்கத்திற்குச் சான்றன்று. இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் நெறி.

கயத்தாறு, திருவேங்கடம் பகுதியில் நெறியின் பயன்பாடு

கரிசல் நிலத்தில் அமைந்த கயத்தாறு விமானத்தளம் போர்க்காலத்தது. அதற்கு வடக்கே சங்கரன்கோவிலும் கோவில்பட்டியும், அவற்றிற்கும் வடக்கே திருவேங்கடமும் உள்ளன. இப்பகுதியில் ‘விமானம் விழுந்தது’ என்னும் செய்தியைக் கேட்கும் ஆய்வாளர் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, சொல். ஊர்ப்பேச்சில் எல்லாம் ‘விழுந்தது’ என்றே வரும். படை ஆவணமோ கட்டாயத் தரையிறக்கம், மோதித் தரையிறக்கம், முழு வீழ்ச்சி எனப் பிரிக்கும். சேதத்தையும் இடத்திலேயே பழுதுபார்க்கத்தக்கதிலிருந்து முற்றிலும் அழிந்தது வரை எழுத்துக் குறியால் வகைப்படுத்தும். சக்கரம் இறங்காமல் வயிற்றால் வழுக்கி இறங்கிய விமானத்தைப் பழுதுநீக்கு மீட்புப் பிரிவினர் பிரித்து ஏற்றிச் சென்றிருப்பர். சிதைவு இல்லாமை விபத்து இல்லாமைக்குச் சான்றாகாது. கிடைக்கும் உறுப்பு சிறிதாயினும் பேசும்: விசிறியின் அலகுகள் முன்னோக்கி வளைந்திருந்தால் மோதும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது எனவும், பின்னோக்கி வளைந்திருந்தால் ஆற்றல் இழந்திருந்தது எனவும் பொதுவாகக் கொள்ளலாம்.

இரண்டாவது, காலம். முதியோர் ஆங்கிலத் தேதியைக் கூறமாட்டார். சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப ஆகிய தமிழாண்டுகள் முறையே 1942, 1943, 1944, 1945 ஏப்ரல்களில் தொடங்கின. நிலக் கணக்குகள் பசலி ஆண்டில் உள்ளன. 1352ஆம் பசலி 1942 ஜூலையில் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டும் வழக்கில் இருந்ததால், சாதகக் குறிப்புகளும் பழைய பத்திரங்களும் அவ்வாண்டைத் தரக்கூடும். கொல்லம் 1118 என்பது 1942 ஆகஸ்டில் தொடங்குவது. ‘மூத்த மகன் பிறந்த வருடம்’ என்னும் கூற்றை ஒரு சாதக ஓலை தேதியாக்கிவிடும். நாழிகையிலும் கவனம் தேவை. போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரம் ஒரு மணி முன்னே வைக்கப்பட்டிருந்தது. படையின் பதிவேடு கிரீனிச் நேரத்தில் எழுதப்பட்டிருந்தால் வேறுபாடு ஆறரை மணி. அதனால் விடியற்காலை நிகழ்வு ஆவணத்தில் முந்தைய நாளின் தேதியில் இருக்கலாம்.

மூன்றாவது, பெயர். ஆங்கில ஆவணங்களில் திருநெல்வேலி ‘டின்னவேலி’ என்றும், தஞ்சாவூர் ‘டாஞ்சோர்’ என்றும் வரும். திருவேங்கடம் என்னும் பெயரோ இலக்கியத்திலும் சமயத்திலும் திருமலையைக் குறிப்பது. பெயரை மட்டும் கொண்டு தேடினால் வேறு மலையில் போய் நிற்க நேரும். மாவட்ட எல்லைகளும் மாறிவிட்டன. இன்று திருவேங்கடம் தென்காசி மாவட்டத்திலும் கயத்தாறு தூத்துக்குடி மாவட்டத்திலும் உள்ளன. போர்க்காலத்தில் இரண்டும் திருநெல்வேலி மாவட்டமே.

நான்காவது, ஆவணத்தின் இருப்பிடம். போர்க்காலச் செய்தித்தாள்கள் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் தணிக்கைக்கு உட்பட்டவை. அவற்றின் மௌனம் நிகழ்வின்மையைக் காட்டாது. பிரித்தானிய அணிகளின் நடவடிக்கைப் பதிவேடுகள் இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தளத்திற்காக நிலம் எடுக்கப்பட்ட செய்திகளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறைக் கோப்புகளில் தேடவேண்டும். இவை இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. முன்னது விமானத்தைப் பேசும், நிலத்தைப் பேசாது. பின்னது நிலத்தைப் பேசும், விமானத்தைப் பேசாது. இரண்டையும் இணைக்கும் ஒரே இழை ஊரார் காட்டும் புல எண்.

ஐந்தாவது, கல்லறை. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க்கல்லறை 1952இல் நிறுவப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிப்பு உறுதியில்லாத பல கல்லறைத் தோட்டங்களிலிருந்து இரண்டாம் உலகப்போரில் இறந்தோரின் எச்சங்கள் அங்கு மாற்றப்பட்டன. ஆகவே ஒரு விமானி சென்னையில் அடக்கமாகியிருப்பது அவர் சென்னையில் இறந்தார் என்பதற்குச் சான்றன்று. அதேபோல் ஊரில் கல்லறை இல்லாதது எவரும் இறக்கவில்லை என்பதற்கும் சான்றன்று.

பெயருள்ளோரும் பெயரற்றோரும்

இவ்வாய்வு நெறிக்கு ஓர் எல்லையும் உண்டு. எண்ணின் வழிப் பெயரை அடையும் பாதை, எண்ணிடப்பட்ட பொருள்களோடு இறந்தவர்க்கே திறந்திருக்கிறது. ஒரு துப்பாக்கியின் எண்ணைக்கூடப் பதிந்து வைத்த போர், அத்துப்பாக்கி ஏற்றிய விமானம் இறங்க ஓடுபாதை சமைத்த கூலித் தொழிலாளரின் பெயரை அவ்வாறு பதியவில்லை. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழர்க்கும் இதுவே நிலை. அங்கு இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தனிக் கல்லறைகள் உண்டு, தமிழ்த் தொழிலாளர்க்குப் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலே இல்லை. தம்ரோ மலையில் வழிகாட்டிய வேட்டைக்காரர்கள்கூட அறிக்கைகளில் ‘உள்ளூரார்’ என்றே நின்றுவிட்டனர்.

எனவே விமான வீழ்ச்சி பற்றிய களப்பதிவு விமானிகளோடு முடிதல் ஆகாது. நிலம் இழந்தவர் எவர், தளத்தில் கல் உடைத்தவர் எவ்வூரார், விமானம் விழுந்தபோது முதலில் ஓடிச்சென்றவர் எவர், அலுமினியத் தகடு எந்த வீட்டில் என்னவாயிற்று என்னும் வினாக்களும் அதே படிவத்தில் இடம்பெற வேண்டும். இவை இடத்தையும் கையையும் சார்ந்த வினாக்கள். ஊர்நினைவு நம்பிக்கையோடு விடைதரும் வகையைச் சேர்ந்தவை.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவன மூன்று. ஊர்நினைவு, வீழ்ச்சி நிகழ்ந்த இடத்திற்கு முதன்மைச் சான்று. ஆவணம் அதை உறுதிசெய்யும் வரை காத்திருக்க வேண்டியதன்று, ஆவணத்தைத் தேடத் தூண்டுவது. விமானத்தின் அடையாளத்திற்கு எண்ணே சான்று. எண் கிடைக்காதவிடத்து வகையை மட்டும் கூறி நிறுத்துதல் நேர்மை. விமானியின் நோக்கம் பற்றிய கதைகளைக் கதைகளாகவே பதிந்து, அவை எக்காலத்தில் எவ்வழியே வந்தன என ஆராய்தல் வேண்டும்.

இவற்றுள் ஆவணம் காத்திருக்கும். மண்ணுள் புதைந்த உலோகமும் ஓரளவு காத்திருக்கும். 1944இல் பத்து வயதில் ஆடு மேய்த்துக்கொண்டு வானத்தைப் பார்த்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். தென்மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் முதுகலை மாணவரின் களப்பணியாக இவ்விடப்பதிவை உடனடியாக மேற்கொள்ளலாம். ஊர், புல எண், திசை, பருவம், கண்டவரின் அன்றைய வயது, எஞ்சிய பொருள் என்னும் ஆறு கூறுகள் கொண்ட ஒரு தாள் போதும். அத்தாள் இருந்தால், எண்ணையும் கோப்பையும் தேடும் பணியைப் பின்வரும் ஆய்வாளர் செய்துகொள்ள இயலும்.